முகவரி கேட்பது யார்?

2024 மார்ச்சில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். உடல் சாக்கடையில் கிடைத்தது. ஊர் கொதித்தது, முழு அடைப்பு நடந்தது. அந்தக் கோபத்தினிடையே ஒரு கோரிக்கை பலமுறை என் காதில் விழுந்தது: பாலியல் குற்றவாளிகளின் முகவரிகளை அமெரிக்காவைப்போல இணையத்தில் போட்டுவிட வேண்டும். கோபம் நியாயமானது. கோரிக்கையோ இரண்டு வேறு காரியங்களைக் குழப்பிக்கொண்டிருக்கிறது.

தண்டனை முடிந்து வந்தவன் வீடு மாறினால் அரசிடம் தெரிவிப்பது ஒரு காரியம். அதைத் தெருவுக்கு அறிவிப்பது வேறு காரியம். அமெரிக்காவின் 2006 ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மூன்று வேலைநாட்களுக்குள் நேரில் சென்று முகவரி மாற்றத்தைப் பதியச் சொல்கிறது. பட்டியலையும் பொதுவில் வைக்கிறது. பிரான்சின் 2004 ஆம் ஆண்டுச் சட்டமோ பதினைந்து நாள் அவகாசம் தருகிறது. தவறினால் இரண்டாண்டுச் சிறை, 30,000 யூரோ அபராதம். ஆனால் அந்தப் பதிவேடு பொதுமக்களுக்குத் திறக்காது. பதிவேட்டில் ஏறிய பிரெஞ்சுக் குடிமகன் ஒருவன் நம் ஊருக்கே குடிவந்தாலும் அந்தக் கடமை அவனை விடாது.

அவனுக்குப் பக்கத்து வீட்டு இந்தியக் குற்றவாளிக்குப் பொதுவாக அப்படியொரு கடமை இல்லை. 2018 செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தரவுத்தளத்தைக் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும், அது சரி. ஆனால் விடுதலையானவன் புதிய முகவரியைத் தர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆள் இடம்பெயர்ந்துவிட, பழைய முகவரி மட்டும் ஏட்டில் நிலைத்திருக்கும். இதற்குப் பெயர் கண்காணிப்பா?

ஆகவே கடமையைச் சட்டமாக்குங்கள் என்கிறேன். தெருவில் ஒட்டாதீர்கள் என்றும் சொல்கிறேன். வீடும் வேலையும் மறுக்கப்பட்டு ஊர் ஊராகத் துரத்தப்படுபவன் உண்மை முகவரியைத் தரமாட்டான், பட்டியல் பொய்யாகும்.

அதன் வாசனை நமக்குப் புதிதுமல்ல. பிரெஞ்சு எல்லைக்கு வெளியே, சென்னை மாகாணத்தில், 1911 ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டம் பதியப்பட்டவர்களிடம் இருப்பிடத்தையும் அதன் மாற்றத்தையும் கேட்டது. ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வேண்டியிருந்தது. பதிவை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் திரண்டவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. அங்கே முத்திரை பிறப்பால் விழுந்தது, இங்கே நீதிமன்றத் தீர்ப்பால் விழுகிறது என்பீர்கள். உண்மை, வேறுபாடு பெரிது. ஆனால் கைதானவனையே குற்றவாளி என்று தீர்த்துவிடும் கூட்டத்தின் கையில் பட்டியல் சிக்கினால், அந்த வேறுபாடு எத்தனை நாள் நிற்கும்?

கடைசியாக ஒன்று. முத்தியால்பேட்டை வழக்கில் கைதானவர்கள் அதே பகுதியைச் சேர்ந்தவர்கள். போக்சோ வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்படுபவர் குழந்தைக்குத் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்லி வருகின்றன. மாமா, அண்டை வீட்டார், ஆசிரியர்: இவர்களின் முகவரி நமக்கு முன்பே தெரியும். தெரிந்தும் காக்கவில்லை. குழந்தை வாய்திறந்து சொல்லும்போது நம்பும் வீடும், புகாரைத் தட்டிக்கழிக்காத காவல் நிலையமும், வழக்கை இழுத்தடிக்காத நீதிமன்றமும் இல்லாத ஊரில், எந்தப் பதிவேடும் வெறும் காகிதமே.