1902 பெருமையும் 12 வோல்ட் பல்பும்

இந்தப் பதிவு கொஞ்சம் காட்டமாகத்தான் இருக்கும். தங்கவயல்காரர்கள் மன்னிக்கவும், முதல் அடி நமக்குத்தான்.

பாலகாட், மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப் என்று எந்த லைனில் பிறந்தவராக இருந்தாலும் வெளிநாட்டில் நாலு பேர் கூடினால் ஒரு பெருமை பேசுவோம். "பெங்களூருக்கே கரண்ட் வரும் முன்னால் எங்க ஊருக்கு வந்துடுச்சு." உண்மைதான். 1902-ல் சிவசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து சுரங்க இயந்திரங்களை ஓட்ட வந்தது. பெங்களூருக்கு 1905-ல்தான் போனது.

சரி, அதை ஏன் சுமார் 30,000 வோல்ட்டில் அனுப்பினார்கள்? கேட்டுப் பாருங்கள். பெருமை பேசிய வாய் மூடிக்கொள்ளும். அதே ஆள்தான் அமெரிக்காவில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கிவிட்டு, விளக்கு எரியவில்லை என்றதும் கடைக்குப் போய் "300 வாட் பல்ப் கொடுங்க" என்கிறார். வோல்ட்? "அது எதுக்குங்க?"

எதுக்கா? வாட் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி வருவது (தோராயக் கணக்குக்கு இது போதும்). 300 வாட்டை 120 வோல்ட்டில் எடுத்தால் 2.5 ஆம்பியர். 12 வோல்ட்டில் எடுத்தால் 25 ஆம்பியர். ஒரே கம்பியில் கரண்ட் பத்து மடங்கானால் அதில் வீணாகும் சூடு நூறு மடங்கு. அதனால்தான் சிவசமுத்திரத்துக்காரர்கள் வோல்ட்டை ஏற்றிக் கரண்ட்டைக் குறைத்தார்கள். குளத்தில் மட்டும் ஏன் தலைகீழாக 12 வோல்ட்? தண்ணீரில் மனிதர்கள் இருக்கிறார்கள், அதனால்.

இங்கே 12 வோல்ட், 120 வோல்ட் இரண்டிலும் ஒரே மரையுள்ள குளத்து பல்புகள் கிடைக்கின்றன. மாற்றிப் போட்டாலும் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும். 120 வோல்ட் பல்பை 12-ல் போட்டால் மினுக்கும், இல்லை எரியவே எரியாது. 12 வோல்ட் பல்பை 120-ல் போட்டால் அந்த நொடியே போய்விடும், வெடிக்கவும் செய்யலாம். மரை பொருந்துகிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்!

அடுத்த வியாதி, "கொஞ்சம் வெளிச்சமா இருக்கட்டும்" என்று 300 இருந்த இடத்தில் 500. விளக்குக் கூட்டின் மேல் அதிகபட்ச வாட் எழுதியிருப்பது அழகுக்கு இல்லை. மீறினால் சூட்டில் ரப்பர் வாஷர் கெட்டு, தண்ணீர் உள்ளே போகும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு வரம்பு உண்டு. அதில் மாட்டியுள்ள எல்லா விளக்கின் வாட்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

எல்.இ.டி. விற்பவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. பெட்டியில் "300 வாட்டுக்குச் சமம்" என்று கொட்டை எழுத்து. உண்மையில் இழுக்கும் வாட்டும் வோல்ட்டும் மூலையில் எறும்பு எழுத்து. வெளிச்சத்துக்கு லூமென் என்று ஓர் அளவு இருக்கும்போது எதற்கு இந்த ஏமாற்று? ஒப்பிட்டுச் சொல்லும் வாட்டை நம்பாதீர்கள். எறும்பு எழுத்தைப் படியுங்கள்.

"எலக்ட்ரீஷியனுக்கு யார் காசு கொடுப்பது?" என்பவர்களுக்கு: பழைய பல்பில் என்ன எழுதியிருக்கிறது, கூட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் காசு வேண்டாம். பிரேக்கரை அணைத்துவிட்டுப் படியுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, எழுத்து அழிந்திருக்கிறதா, அப்போது ஆளைக் கூப்பிடுங்கள். கசிவு சுமார் 5 மில்லியாம்பியரைத் தொட்டாலே துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. இருக்கிறதா, வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று அதைக் கழற்றி எறியும் மகானுபாவர்கள், அந்தக் குளத்தில் தன் பிள்ளையை இறக்குவாரா என்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

1902 நம் பாட்டன்கள் காலத்துப் பெருமை. நம் வீட்டுக் குளத்து விளக்கில் எழுதியிருக்கும் இரண்டு எண்களைப் படிப்பது நம் பொறுப்பு. முதலில் வோல்ட், பிறகு வாட். மறந்துவிடாதீர்கள் மக்களே.