கட்டளை மட்டும் போதுமா?

பழைய கடைசற்பொறிகளுக்குக் கணினிக் கட்டுப்பாட்டைப் புதிதாகப் பூட்டுவோருட் சிலர், சுழல்தண்டுக்கு நிலைப் பின்னூட்டல் வேண்டியதில்லை என்கின்றனர். “வேகத்தைக் கட்டளையிட்டுவிட்டோம், மோட்டர் சுழல்கிறது, என்கோடர் ஒன்றுக்கு வேறு செலவு எதற்கு?” என்பது அவர்தம் வாதம். சிக்கனத்தின் பெயரால் எழும் இவ்வாதம் பொறியின் வரலாற்றையே மறந்த வாதமாகும். கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் ஒன்றை நினைவிற் கொள்க: வரலாறு எமது துறை.

ஹென்றி மோட்ஸ்லே 1800ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் அமைத்த புரிவெட்டும் கடைசற்பொறியின் சிறப்பு யாது? சுழல்தண்டையும், உளியை நகர்த்தும் திருகுதண்டையும் பற்சில்லுகளாற் பிணைத்தமையே. சுழல்தண்டு தளர்ந்தால் உளியும் தளரும்; அது நின்றால் இதுவும் நிற்கும். இன்று கணினியைப் பூட்டுவோர் அப்பற்சில்லுகளைக் கழற்றிவிட்டுத் தண்டுக்கொரு மோட்டரும் உளிக்கொரு மோட்டருமாக வைக்கின்றனர். அறுத்த பிணைப்புக்கு ஈடாக எதனை வைத்தார்கள்?

கணக்கைப் பார்ப்போம். 1.5 மில்லிமீற்றர் புரியிடையை நிமிடத்துக்கு 500 சுற்று வேகத்தில் வெட்ட, உளி நிமிடத்துக்கு 750 மில்லிமீற்றர் நகர வேண்டும். வெட்டுச் சுமையால் தண்டு 480 சுற்றுக்கு இறங்கியதெனக் கொள்வோம். கணினி அதனை அறியாது. உளியை முன்போலவே நகர்த்தும். புரியிடை 1.56 மில்லிமீற்றரைத் தாண்டிவிடும். பத்துப் புரிகளில் 0.6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பிழை. அதில் எந்தச் சுரை ஏறும்?

வேகம் சற்றும் மாறாதென்றே வைத்துக்கொண்டாலும் இடர் தீராது. புரி ஒரே வெட்டில் முடிவதன்று. ஒவ்வொரு முறையும் உளி அதே கோணத்திற் புகுதல் வேண்டும். தவறினால் முதல் வெட்டை அடுத்த வெட்டு அழிக்கும். முன்னர் இதனைத் தொழிலாளி கவனித்தான். புரி வட்டைப் பார்த்து, உரிய கோடு வரும் கணத்தில் நெம்பினை அழுத்தினான். என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் குறித்துடிப்பு அவனது கண்ணின் வேலையையே செய்கிறது. தொழிலாளியை அகற்றலாம், அவன் செய்த வேலையை அகற்ற இயலாது. அமெரிக்காவில் எண்முறைக் கட்டுப்பாடு வளர்ந்த வரலாற்றை 1984இல் எழுதிய டேவிட் நோபிள், தொழிலாளியின் கைத்திறனை நாடாவிற் பதிந்து மீட்கும் முறை கைவிடப்பட்டதற்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமன்று என வாதிட்டார். திறனை ஒரு செலவாகக் காணும் அதே கண்தான் என்கோடரையும் செலவாகக் காண்கிறது.

உலோகத்தைச் சமன்செய்யவும் துளையிடவும் மட்டுமே பொறி பயன்படுமாயின் எதிர்த்தரப்பார் கூறுவதில் நியாயமுண்டு. ஆயின் சுற்றுக்கு ஒரு துடிப்பே போதுமென்னும் சமரசத்தை ஏற்பதற்கில்லை. இரு துடிப்புகளுக்கிடையே கணினி குருடே. துளைக்குட் புரியிடும் டாப் அடியை அடைந்து, நின்று, எதிர்த்திசையிற் சுழன்று வெளிவர வேண்டும். அப்போது திசையும் நிலையும் கணந்தோறும் தெரியாவிடின் டாப் துளைக்குள்ளேயே முறியும். அதற்குத் தொண்ணூறு பாகை விலகிய இரு துடிப்பு வரிசைகள் வேண்டும். அவற்றைத் தரும் என்கோடரையும் மோட்டரிற் பொருத்தலாகாது. வார் வழுக்கினால் மோட்டர் கூறுவது பொய். சுழல்தண்டிலேயே பொருத்துக.

மென்பொருளுக்கு விலையில்லை என்பதும் இவர்கள் அறிந்ததே. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்சிஎன்சியிற் புரிவெட்டும் கட்டளைகள் ஆயத்தமாகவே உள்ளன. குறித்துடிப்பு வராவிடின் உளி நகராது காத்துக் கிடக்கும்.