பார்வையில்லாதவரும் ரூட்டரைக் கையாளலாம்!

சகோதரிகளே, வீட்டுக்கு இன்டர்நெட் வந்ததும் வை-ஃபை பெட்டியின், அதாவது ரூட்டரின், பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். பார்வையில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? "யாரோ ஒரு பையன்கிட்ட அதைக் கொடுக்கிறது, வீட்டுச் சாவியையே கொடுக்கிற மாதிரிதானே அண்ணி?" என்பாள் பார்வையில்லாத என் நாத்தனார்.

இதற்கு வழி இருக்கிறது. 'லின்க்ஸ்' என்ற பிரௌசர் 1992ல் அமெரிக்காவில், கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. படமே காட்டாது, வெறும் எழுத்துதான். கம்ப்யூட்டரில் உள்ளதை வாசித்துச் சொல்லும் இலவச 'என்.வி.டி.ஏ.'வுக்கு இது சுலபம்.

செய்முறை:

* ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் விவரத்தை நம்பிக்கையானவர் ஒருவர் படித்துச் சொல்லட்டும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1.

* ரூட்டரையும் கம்ப்யூட்டரையும் ஒயரால் இணைத்து, லின்க்ஸில் அந்த முகவரியைக் கொடுக்கவும். கீழ் அம்புக்குறி அடுத்ததற்கு நகர்த்தும்; என்டர் திறக்கும்; இடது அம்புக்குறி பின்னால் கொண்டுவரும்.

* ரூட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு, வை-ஃபை பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றவும்.

ஒரு எச்சரிக்கை: பல ரூட்டர்களின் பக்கங்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தேவை. லின்க்ஸ் அதை இயக்காது. 'சேவ்' கொடுத்தாலும் சேமிக்காது. அப்போது ஃபயர்ஃபாக்ஸையும் என்.வி.டி.ஏ.வையும் சேர்த்துப் பாருங்கள். படத்திலுள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னால் அதுவும் உதவாது. ஆகவே, ரூட்டரைப் பொருத்த வந்தவர் கிளம்புமுன், பார்வையில்லாதவரே ஒருமுறை உள்ளே போய்ப் பார்க்கட்டும். முடியவில்லையா? கூச்சப்படாமல் வேறு ரூட்டர் கேளுங்கள்!