சீன சர்க்காரின் சுவர்

2019-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி சீனாவில் வூஹான் மத்திய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பகுதித் தலைவரான ஐ ஃபென் என்னும் அம்மையார், ஒரு நோயாளியின் பரிசோதனைச் சீட்டில் "சார்ஸ்" என்று கண்டிருந்ததை வட்டமிட்டு, தம்மோடு படித்த ஒரு டாக்டருக்கு அனுப்பினார். அது கைமாறி, அதே ஆஸ்பத்திரியின் கண் டாக்டர் லி வென்லியாங்கிடம் வந்தது. அவர் தம் பழைய சகாக்களை எச்சரித்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த வெகுமதி என்னவென்றால், ஜனவரி 3-ந் தேதி போலீசார் கூப்பிட்டுப் பொய் பரப்பியதாக எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொண்டதேயாகும். பிப்ரவரி 7-ந் தேதி அவர் அதே வியாதியால் மாண்டார். மார்ச்சு 10-ந் தேதி அம்மையார் சொன்னவற்றை "ரென்வு" என்னும் பத்திரிகை வெளியிட்டது. சில மணி நேரத்துக்குள் அது இணையத்திலிருந்து துடைக்கப்பட்டு விட்டது.

அதன் பிறகு ஜனங்கள் என்ன செய்தார்கள்? அதே கட்டுரையைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் போட்டார்கள். தந்தியின் புள்ளியும் கோடுமாகப் போட்டார்கள். எலும்பில் கீறிய பழங்காலத்துச் சீன எழுத்தில் போட்டார்கள். சிரிக்கும் முகம், அழும் முகம் முதலிய பொம்மைகளாக்கிப் போட்டார்கள். ஒரு டாக்டரம்மாள் சொன்ன உண்மையைப் படிக்க ஒரு தேசத்து ஜனங்கள் கள்ளப்பாஷை பேச வேண்டியிருந்ததென்றால், இதில் கள்ளன் யார் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

நிற்க, இந்தத் தடை நடக்கும் விதத்தைச் சற்றுச் சொல்லுவோம். சீனாவை விட்டு வெளியே போகும் இணையக் கம்பிகள் சில வாசல்களின் வழியாகவே போகின்றன. அங்கே யந்திரங்களை வைத்திருக்கிறார்கள். நாம் ஒரு தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் விலாசத்தைச் சொல்லுவதற்கென்று ஒரு கணக்குப்பிள்ளை யந்திரம் உண்டு. அது வாய் திறக்குமுன் சுவர் முந்திக்கொண்டு ஒரு பொய் விலாசத்தைச் சொல்லிவிடும். சரியான விலாசம் தெரிந்து நேரே போனாலோ, அந்த விலாசத்துக்குப் போகும் சரக்கு முழுவதும் வாசலிலேயே கொட்டப்படும். பேச்செல்லாம் மறைமொழியில் நடந்தாலும், யாரோடு பேசவேண்டும் என்கிற பெயர் முதலில் வெளிப்படையாகப் போவதே வழக்கம். அதைக் கண்டதும், "மற்றவர் பேச்சை முடித்துக் கொண்டார்" என்று இரு பக்கத்திலும் பொய் சொல்லித் தொடர்பை அறுத்து விடும். பார்ப்பவனுக்கு ஏதோ ரிப்பேர் என்றே தோன்றும். தடை என்று எழுதி ஒட்டினாலாவது தடுத்தவன் யார் என்று கேட்கலாம். ரிப்பேர் என்றால் யாரைப் போய்க் கேட்பது?

உள்நாட்டுப் பேச்சுக்கு இந்தச் சிரமமும் இல்லை. ஆகாத பேச்சு வந்தால் கம்பெனிக்கே தண்டனை என்று வைத்துவிட்டதால், கம்பெனிக்காரர்களே சம்பளம் கொடுத்து ஆள் வைத்து அழித்துக் கொள்ளுகிறார்கள்.

ஆபாசத்தையும் வதந்தியையும் தடுக்கவே இதெல்லாம் என்பது சர்க்கார் சொல்லும் சமாதானம். அப்படியானால் லி வென்லியாங் சொன்னது இவ்விரண்டில் எது? மார்ச்சு 19-ந் தேதி அதே வூஹான் போலீசார் தாங்கள் செய்தது தப்பென்று அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்கள். அதைக் கேட்க அவர்தான் இல்லை.

சுவரைத் தாண்டும் வழிகளும் உண்டு. வி.பி.என். என்பது, வெளிதேசத்து யந்திரம் ஒன்றுக்கு ஒட்டிய உறையில் கடிதம் அனுப்பி, உள்ளிருக்கும் கடிதத்தைச் சேரவேண்டிய இடத்தில் சேர்க்கச் சொல்லுவதேயாகும். சுவர் அந்த உறையின் ஜாடையைக் கண்டுகொண்டது. பிறகு எந்த ஜாடையும் இல்லாமல் வெறும் எழுத்துக் குப்பையாக்கி அனுப்பும் ஷேடோசாக்ஸ் வந்தது. 2015-ல் அதைச் செய்தவரைப் போலீசார் நிறுத்தச் சொன்னார்கள், அவரும் நிறுத்தினார். ஆனால் நகல்கள் பிறர் கையில் இருந்தபடியால் அது சாகவில்லை. 2021 நவம்பர் முதல் சுவர் அந்தக் குப்பையையும் அறுக்கத் தொடங்கியது. ஆகவே, சாதாரணமாகத் தளம் பார்ப்பவர் போலவே வேஷம் போடும் கருவிகள் இப்போது நடமாடுகின்றன.

சுவரின் தகப்பன் என்று பேர் வாங்கின ஃபாங் பின்சிங் 2016-ல் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்தில் பிரசங்கம் செய்தார். தென்கொரியத் தளம் ஒன்றைக் காட்டப் போக, அவருடைய பிள்ளையே அவரை மறித்தது. உடனே அவர் சபையோர் பார்க்க வி.பி.என். போட்டுச் சுவரேறினார்! அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறு வருஷம் குவாங்சி பிரதேசத்தில் வி.பி.என். விற்ற ஒருவருக்கோ ஐந்தரை வருஷம் ஜெயிலும் 5 லட்சம் யுவான் அபராதமும் விதிக்கப்பட்டன. கட்டியவன் ஏறினால் பிரசங்கம், மற்றவன் ஏணி விற்றால் குற்றம் என்பது எந்த நியாயத்தில் சேர்ந்ததோ நமக்கு விளங்கவில்லை.

யந்திரமில்லாத வழி பேச்சில்தான் இருக்கிறது. 2018-ல் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த மானபங்கத்தை "மி டூ" என்று வெளியிட்டபோது அந்தச் சொல்லும் தடைபட்டது. அவர்கள் அரிசி படத்தையும் முயல் படத்தையும் போட்டார்கள். சீனத்தில் அரிசிக்கு "மி", முயலுக்கு "டூ".

2022 நவம்பர் 24-ந் தேதி உரும்சி நகரில் தீப்பிடித்துப் பத்துப் பேர் மாண்டனர். நோய்க்காகப் போட்ட அடைப்புகளால் அவர்கள் தப்ப முடியாமல் போயிற்று என்று ஜனங்கள் கொதித்தார்கள். ஷாங்காயிலும் பீகிங்கிலும் தெருவுக்கு வந்தவர்கள் ஒன்றும் எழுதாத வெள்ளைக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். போலீசார் அவர்களிற் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். காகிதத்தில் எந்த எழுத்து குற்றமாயிருந்தது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.