ஆதரவு எவ்வளவு என்பதை மக்களவையே எண்ணட்டும்

2020 பிப்ரவரிக்கும் 2022 நவம்பருக்கும் இடையில் நம் நாட்டில் மூன்று முறை பிரதமர் மாறினார். அவற்றில் இரண்டு மாற்றங்கள் பொதுத் தேர்தல் இல்லாமலேயே நடந்தன. அப்போது இடைநிலைப் பள்ளியில் இருந்த நாங்கள் இயங்கலை வகுப்புகளுக்கு இடையே அந்தச் செய்திகளைப் பார்த்து வளர்ந்தோம். அடுத்த பொதுத் தேர்தலில் நாங்கள் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறோம். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: ஓர் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை யார், எங்கே எண்ண வேண்டும்?

மக்களவையில் 222 இடங்கள். ஆட்சி அமைக்க 112 உறுப்பினர்கள் வேண்டும். 2020 பிப்ரவரி 23ஆம் தேதி, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு ஹோட்டலில் நடந்த கூட்டத்தோடு பக்காத்தான் ஹராப்பான் ஆட்சி ஆட்டம் கண்டது. மறுநாள் துன் மகாதீர் பதவி விலகினார். மாமன்னர் 222 உறுப்பினர்களின் கருத்தையும் அரண்மனையில் கேட்டறிந்தார். மார்ச் 1ஆம் தேதி டான்ஸ்ரீ முஹிடின் யாசின் பிரதமராகப் பதவியேற்றார்.

அதன்பின் அவருடைய பெரும்பான்மை மக்களவையில் நேரடியாகச் சோதிக்கப்படவே இல்லை. அவர் மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைச் சபாநாயகர் ஏற்றுக்கொண்டிருந்தும், மே 18ஆம் தேதிக் கூட்டம் மாமன்னரின் உரையோடு முடிந்தது. ஜூலையில் அந்தச் சபாநாயகரே 111க்கு 109 என்ற வாக்கில் நீக்கப்பட்டார். டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் 111க்கு 108 என்று தேறியது. 2021 ஜனவரியில் அம்னோ உறுப்பினர்கள் சிலர் ஆதரவை மீட்டுக்கொண்டனர். அதே மாதம் 12ஆம் தேதி அவசரகாலம் அறிவிக்கப்பட, நாடாளுமன்றக் கதவும் மூடியது.

மீண்டும் அவை கூடியது ஜூலை 26ஆம் தேதிதான். ஆகஸ்டு 3ஆம் தேதி அம்னோ தலைவர் ஆதரவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். செப்டம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்திப்பதாகப் பிரதமர் சொன்னார். பிரதமர் பதவிக்கு வரம்பு, கட்சித் தாவலுக்குத் தடை எனச் சில சீர்திருத்தங்களைக் காட்டி எதிர்க்கட்சிகளின் ஆதரவையும் கேட்டார். அவர்கள் மறுத்துவிட்டனர். ஆகஸ்டு 16ஆம் தேதி அவர் பதவி விலகினார். 17 மாத ஆட்சி ஹோட்டலில் தொடங்கி, அறிக்கைகளிலேயே முடிந்தது.

இதை இந்தியாவோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 1999 ஏப்ரலில் ஜெயலலிதாவின் அ.தி.மு.க. ஆதரவை விலக்கியதும், வாஜ்பாயிடம் மக்களவையில் பெரும்பான்மையை நிரூபிக்கும்படி குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் கேட்டார். ஏப்ரல் 17ஆம் தேதி ஆதரவாக 269, எதிராக 270. ஒரே ஒரு வாக்கில் ஆட்சி கவிழ்ந்தது. யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதை நாடே பார்த்தது. நம் நாட்டிலும் இது முடியாத காரியமல்ல. 2020 டிசம்பர் 4ஆம் தேதி பேராக் சட்டமன்றத்தில் மந்திரி பெசார் கேட்ட நம்பிக்கை வாக்கெடுப்பு முறையாக நடந்தது. அவருக்கு ஆதரவாகப் 10 பேரும் எதிராக 48 பேரும் வாக்களித்தனர்.

வாக்கெடுப்பு நடத்தினால் ஆட்சி அடிக்கடி கவிழும் என்று சிலர் அஞ்சலாம். இந்தியாவில் 1996க்கும் 1999க்கும் இடையில் மூன்று பொதுத் தேர்தல்கள் நடந்தது உண்மைதான். ஆனால், எண்ணாமல் விட்டதால் நமக்கு நிலைத்தன்மை கிடைத்ததா? கொரோனா தொற்று உச்சத்தில் இருந்தபோதும் எந்த உறுப்பினர் யார் பக்கம் என்ற கணக்கே தலைப்புச் செய்தியாக இருந்தது.

பெரும்பான்மை மெலிந்த அரசாங்கம் எப்போதும் கெட்டது என்றும் சொல்ல முடியாது. அடுத்து வந்த டத்தோஸ்ரீ இஸ்மாயில் சப்ரி, 114 பேரின் ஆதரவோடு பதவியேற்றார். 2021 செப்டம்பர் 13ஆம் தேதி பக்காத்தான் ஹராப்பானோடு எழுத்துபூர்வமான உடன்படிக்கை செய்துகொண்டார். 18 வயதில் வாக்குரிமை அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபரில் அமலானது. பேரம் வெளிச்சத்தில் நடந்தால் மக்களுக்கும் பயன் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஆனாலும் ஓர் ஓட்டை இன்னும் அடைபடவில்லை. 2022 டிசம்பர் 19ஆம் தேதி டத்தோஸ்ரீ அன்வார் மீதான நம்பிக்கைத் தீர்மானம் அவையில் கொண்டுவரப்பட்டது நல்ல தொடக்கம். ஆனால், அது குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. தலைகள் எண்ணப்படவில்லை. புதிய பிரதமர் பதவியேற்ற பின் கூடும் முதல் கூட்டத்தில், முதல் அலுவலாக, பெயர் பதிவாகும் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் அதை விவாதத்துக்கு எடுக்கவும் விதி வேண்டும்.

தேர்தலுக்கு முன் நம் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் சாலையையும் வடிகாலையும் பற்றிக் கேட்கிறோம். கூடவே இதையும் கேட்போம்: "உங்கள் ஆதரவு யாருக்கு என்பதை மக்களவையில், எங்கள் கண்முன் சொல்வீர்களா?"