கோலத்துக் கோடு வளைந்து தெரிந்தால்...



எங்கள் ஊர் சித்தன்னவாசல். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அறிவர் கோயில் குகைக்கு அழைத்துப் போய், மேல் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்து ஓவியத்தைக் காட்டுவது வழக்கம். சென்ற ஐப்பசியில் நாத்தனார் குடும்பத்தோடு போனபோது என் மாமியாரும் வந்திருந்தார். வயது 72. அண்ணாந்து பார்த்தவர், "ஏம்மா, பூப் பறிக்கிறவரு முகத்தைக் காணோமே?" என்றார்.

"ஆயிரம் வருஷத்துக்கு மேலான ஓவியம் அத்தை, மங்கித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். மங்கியது ஓவியம் மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மார்கழி பிறந்தது. வாசலில் படிக்கோலம் போட்டுக் கொண்டிருந்தேன். திண்ணையிலிருந்து, "கோட்டை ஏன் இப்படி வளைச்சு வளைச்சுப் போடுறே?" என்றார் அத்தை. என் கோடுகள் நேராகத்தான் இருந்தன! வலது கண்ணைப் பொத்திக் கொண்டு பார்க்கச் சொன்னேன். இடது கண்ணுக்குக் கோலத்தின் ஓரம் தெரிகிறது. நடுவில் மட்டும் கறுப்பாகத் திட்டு.

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனோம். "முன்பு ஆபரேஷன் செய்த கண்புரைதான் திரும்ப வந்துவிட்டது" என்று வழியெல்லாம் சொல்லிக் கொண்டு வந்தார். கண்புரை திரும்ப வளராது. அதில் பார்வை முழுவதும் பனி மூடினாற்போல் மங்கும். இது வேறு. விழித்திரையின் நட்டநடுவில் மாக்குலா என்று ஒரு சின்ன இடம் உண்டு. ஊசியில் நூல் கோப்பதும், எதிரே நிற்பவர் முகத்தை அடையாளம் காண்பதும் அந்த இடத்தின் வேலை. வயதானபின் அது பழுதாவதை முதுமை மாக்குலா சிதைவு என்கிறார்கள்.

"உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புத் திட்டுகள் இருக்கின்றன" என்றார் டாக்டர்.

எனக்கு ஆச்சரியம். "ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் சரியாகத்தானே இருக்கிறது, டாக்டர்?" என்றேன்.

"அது ரத்தத்துக் கணக்கு. கண்ணுக்குள் வேறு கணக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

பொறுமையாக அவர் விளக்கியதை நம் அடுப்படி பாஷையில் சொல்கிறேன். ஒளியை வாங்கும் செல்களின் நுனி தினமும் கொஞ்சம் உதிர்கிறது. பின்னால் இருக்கும் இன்னொரு செல் அடுக்கு அந்த எச்சத்தைத் தின்று செரித்து, கழிவை மெல்லிய சவ்வு ஒன்றின் வழியாக ரத்தத்துக்கு அனுப்புகிறது. அந்தக் கழிவில் கொலஸ்ட்ராலும் உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீர் அங்கணம் வழியாக வெளியே போவது போலத்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அங்கணம் என்ன ஆகும்? தண்ணீர் தேங்கும். வயது ஏற ஏற அந்தச் சவ்விலும் கொழுப்புப் படிந்து தடித்துப் போகிறது. கழிவு அங்கேயே தங்கித் திட்டாகிறது. டாக்டர்கள் இதை ட்ரூசன் என்பார்கள்.

துப்புரவு செய்யும் வெள்ளை அணுக்களுக்கும் வயதாகிறது. விழுங்கிய கொலஸ்ட்ராலை வெளியே தள்ள முடியாமல் கிழ அணுக்கள் திணறுவதையும், அப்படித் திணறுபவை கெட்ட ரத்தக்குழாய்கள் வளரத் துணை போவதையும் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 2013-ல் எலிகளிடம் கண்டார்கள். அத்தையின் இடது கண்ணில் அப்படித்தான் புதுக் குழாய்கள் முளைத்து, கசிந்து, மாக்குலாவை மேடாக்கியிருந்தன. கோடு வளைந்து தெரிந்ததன் காரணம் அதுதான்.

"அப்படியானால் கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த மாத்திரை இந்தக் கண் நோயைத் தடுக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. இதயத்துக்காக டாக்டர் கொடுத்திருந்தால் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அதே போல, ரத்த ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கண்ணைப் பரிசோதிக்காமல் இருந்துவிடவும் கூடாது.

அத்தைக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மரத்துப் போக மருந்து விட்டுத்தான் போடுகிறார்கள், பயப்பட வேண்டாம். முதலில் மாதம் ஒன்று, பிறகு தேவையைப் பார்த்து. கசிவு நின்றது. ஆனால் நடுவில் விழுந்த திட்டு போகவில்லை. முதலிலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். குகையில் நான் சொன்ன பதில் இன்றும் என் மனசில் முள்ளாகக் குத்துகிறது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன்.

வீட்டில் செய்யக்கூடியவை:

1. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு வாரம் ஒருமுறை கட்டம் போட்ட நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுங்கள். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும்.

2. கோடு வளைந்தாலோ, கட்டம் காணாமல் போனாலோ "வயசு" என்று தள்ளாமல் அந்த வாரமே விழித்திரை டாக்டரிடம் காட்டுங்கள். கண் முகாமுக்குப் போனாலும், "புரை மட்டுமில்லை, விழித்திரையையும் பாருங்கள்" என்று கேளுங்கள்.

3. வீட்டு ஆண்கள் பீடி, சிகரெட் பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நம்மால் தடுக்கக் கூடிய காரணங்களில் இதுதான் பெரியது.

4. முருங்கைக் கீரை, பொன்னாங்கண்ணி, மக்காச்சோளம், முட்டை மஞ்சள் கரு இவற்றில் மாக்குலாவுக்கு வேண்டிய லூட்டீன் என்ற மஞ்சள் சத்து இருக்கிறது. கீரையைத் துளி எண்ணெய் விட்டு வதக்கினால்தான் அந்தச் சத்து உடம்பில் ஒட்டும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மத்தி மீன் நல்லது.

5. கண் சத்து மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். நடுத்தர நிலைக்கு முற்றியவர்களுக்கு அவை ஓரளவு உதவும் என்று 2001-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நோய் வராமல் தடுக்க அவற்றால் முடியாது. புகை பிடிப்பவர்களுக்கும், பிடித்து விட்டவர்களுக்கும் அதிலிருந்த பீட்டா கரோட்டின் ஆகாது என்பதால், அதற்குப் பதில் லூட்டீன் சேர்த்தார்கள். யாருக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அத்தையின் வலது கண் இன்னும் நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கட்டத் தாளை எடுத்து வைத்துக் கொண்டு, "எல்லாம் நேராத்தான் இருக்கு, போய் வேலையைப் பாரு!" என்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அடுப்படியில் வேலை ஓடுகிறது.