குழாய் முந்தியா, வீடு முந்தியா?

விருந்தாளி வந்தால் கோயமுத்தூர்க்காரர்கள் காபிக்கு முன்னால் சிறுவாணித் தண்ணீரைத்தான் நீட்டுவார்கள். அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. மலையிலிருந்து அதை ஊருக்குக் கொண்டு வரலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே யோசனை சொன்னவர் பத்திரிகாசிரியர் சே. ப. நரசிம்மலு நாயுடு. அவர் 1922-இல் காலமானார். குழாயில் தண்ணீர் கொட்டியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1930-ஐ ஒட்டித் தண்ணீர் வந்தது. அடுத்த சில வருஷங்களில் பைகாரா மின்சாரமும் வந்தது. அப்புறந்தான் ஊரைச் சுற்றி மில்கள் மளமளவென்று பெருகின. பொதுப் பணம் முன்னே போயிற்று. ஊர் பின்னே வளர்ந்தது.

இப்போது வரிசை தலைகீழ். 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், துடியலூர் முதலிய ஊர்களைச் சேர்த்துக்கொண்டு, மாநகராட்சியின் 72 வார்டுகள் 100 ஆயின. ஆனால் 24 மணி நேரமும் குடிநீர் தரும் திட்டத்துக்கு 2018-இல் ஒப்பந்தம் போட்டபோது, அதன் எல்லை பழைய மாநகரப் பகுதியிலுள்ள 60 வார்டுகளோடு நின்றுவிட்டது. வீட்டு வரி நோட்டீஸுக்கு மட்டும் அப்படி எல்லை ஏதும் கிடையாது! புதிய பகுதிகளுக்கும் பவானித் தண்ணீரைக் கொண்டுவரும் மூன்றாவது பில்லூர்த் திட்டம் திறக்கப்பட்டது 2024-இல். நடுவே பதின்மூன்று வருஷம்.

அந்தப் பதின்மூன்று வருஷத்தை யார் சுமந்தது? தையல் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் சொன்னாள்: "தண்ணி உடற அன்னைக்கு லீவு போட்டாகோணுங்க, அம்மிணி. மொதலாளி எத்தன நாளைக்குத்தான் பொறுப்பாரு?" அவள் இழந்த கூலி எந்த பட்ஜெட்டிலும் ஏறாது.

அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது, ஜி. டி. நாயுடுவின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். உக்கடம் பெரியகுளக் கரையை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் அழகு செய்தார்கள். இரண்டும் வேண்டியவைதாம். (பாலத்தின் மேல் போகும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.) ஆனால் பாலத்துக்கு நாடா வெட்டலாம், தெருவுக்கடியில் புதைகிற குழாய்க்கு ஏது நாடா, ஏது கத்தரிக்கோல்?

'பின்னால் பார்த்துக் கொள்ளலாம்' என்பதற்கு என்ன விலை என்று நொய்யல் கரையிலுள்ள நம் அண்டை ஊர் திருப்பூரைக் கேட்க வேண்டும். பனியன் ஏற்றுமதி ஓடிய வேகத்தில், சாயக் கழிவைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு ஓடவில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கிற்று. 2011 ஜனவரியில் சாயப் பட்டறைகளை மூடும்படி ஹைகோர்ட் உத்தரவிட்டது. சாக்கடைக்குச் செலவழிக்க யோசித்த ஊர், வேலையையே நிறுத்த வேண்டி வந்தது.

2022 தேர்தலில் மாநகராட்சியின் பாதி வார்டுகள் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டன. ஆகவே, சகோதரிகளே, வார்டுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஆணோ பெண்ணோ, ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: புது மனைப் பிரிவுகளுக்குக் குழாயும் சாக்கடையும் எந்தத் தேதியில் வரும்? மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் புறப்படும் வீட்டுக்காரரிடமும் இதையே கேட்கலாம். அவர் கிழக்குப் பார்த்த வாசலா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு வந்திருப்பார்.